உதவி நீக்கப்பட்ட ஆய்வேடு

அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் முதல் இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். இடது பக்கம் நன்றியுரை. இன்னின்னாருடைய உதவி இல்லாவிட்டால் இந்த ஆய்வு நடந்தே இருக்காது என்று அதில் எழுதியிருக்கும். வலது பக்கம் உறுதிமொழி. இந்த ஆய்வில் எனக்கு யாரும் எந்த உதவியும் செய்யவில்லை என்று அதில் எழுதியிருக்கும். இரண்டின் கீழும் ஒரே ஆள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் கட்டாயம். பல வருஷங்களாக அவை ஒரே அட்டைக்குள் சண்டை சச்சரவு இல்லாமல் குடித்தனம் நடத்திவந்தன. யாரும் படிக்காததால் குடும்பம் நன்றாகவே ஓடியது.

ஸ்டாப்பிங் படித்துவிட்டான்.

ஸ்டாப்பிங் என்பது கூடப் படித்தவர்கள் வைத்த பெயர். பேருந்து ரொம்ப நேரம் வராமலே இருந்துவிட்டுப் பிறகு ஏன் மூன்றாகச் சேர்ந்து வருகிறது என்பதுதான் அவன் ஆய்வு. அதற்காகப் பல்கலைக்கழக வாசல் நிறுத்தத்தில் பழியாய்க் கிடந்தான். கிடந்தான் என்றும் சொல்ல முடியாது. ஓரிடத்தில் அவனுக்கு உட்கார வராது. நிழற்குடையின் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடந்துகொண்டே இருப்பான். பேருந்து கிளம்பினால் நேரத்தைக் குறிப்பான். மறுபடி நடப்பான்.

ஆய்வேட்டைக் கட்டக் கொடுத்தபோது, கோந்து காயும்வரை உட்காரச் சொன்னார் பைண்டிங் கடைக்காரர். உட்காரத் தெரிந்தவனாக இருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. அவன் நடந்தபடியே கையில் இருந்ததைப் புரட்டினான். நன்றியுரையும் உறுதிமொழியும் அந்தக் கடையில் அச்சடித்துக் கட்டுக்கட்டாக இருக்கும். பெயரை மட்டும் எழுதி வைத்துத் தைத்துவிடுவார்கள். நன்றியுரையில் துணைவேந்தர், முதல்வர், நெறியாளர் எல்லோரும் ஏற்கெனவே இருந்தார்கள். கடைசியில் 'மற்றும்' என்று போட்டு ஒரு புள்ளிக்கோடு. எல்லோரும் அதில் 'நண்பர்களுக்கும்' என்று எழுதுவது வழக்கம்.

அவன் எழுதினான்: மற்றும், மாலைதோறும் கடைசி நிறுத்தத்தில் நின்று பேருந்து வந்துசேர்ந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்த என் அக்காவுக்கும்.

"அக்காவையெல்லாம் போட்டா திரும்பி வந்துடும் தம்பி" என்றார் கடைக்காரர்.

"நிஜமாவே நின்னாங்க."

"அதனாலதான் சொல்றேன்."

அக்கா நின்றது நிஜம். ஒரு பேருந்து எப்போது கிளம்புகிறது என்பதை வாசலில் நின்று குறிக்கலாம். எப்போது போய்ச் சேர்கிறது என்பதைப் போய்ச் சேரும் இடத்தில் நின்றுதான் குறிக்க முடியும். ஒரு ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. கடைசி நிறுத்தம் அவர்கள் வீட்டுத் தெருமுனை. அக்காவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நின்றபடி விரிப்பு மடிப்பாள். அங்கிருந்து வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இன்னொரு தடவை நிற்பாள். அம்மா அப்பா போனபிறகு தம்பியை ஆளாக்கியதும் அதே கால்கள்தான். அதைப் பற்றி அவள் பேசியதில்லை. கால் வீங்கினால் செருப்பைத் திட்டுவாள்.

நன்றியுரையில் கையெழுத்துப் போட்டான். உறுதிமொழியில் போடவில்லை. ஆய்வேடுகளைச் சரிபார்த்து முத்திரை குத்தும் நேர்மைத் துறையின் ஜன்னலில் இரண்டையும் நீட்டி, இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்டான்.

ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் முத்திரையை ஓங்கியவர் ஓங்கியபடியே நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இடது பக்கத்தைப் படித்தார். வலது பக்கத்தைப் படித்தார். மறுபடி இடது. உத்தியோகத்தில் சேர்ந்ததிலிருந்து இரண்டிலும் முத்திரை குத்தி வந்தவர். இன்றைக்குத்தான் படிக்கிறார். அவர் முகம், சொந்த வீட்டில் இதுவரை பார்க்காத ஓர் அறையைப் பார்த்துவிட்டவர் முகம்போல் ஆனது.

"தம்பி, இத யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்ல சார்."

"காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவரே எடுத்துக்கொண்டு போய் இயக்குநரிடம் காட்டினார்.

நேர்மைத் துறை இயக்குநர் நிதானமானவர். சுவர் முழுக்கக் கேடயங்கள். எல்லாம் நேர்மைக்காகப் பல்கலைக்கழகம் தனக்குத்தானே வழங்கிக்கொண்டவை. அவனை உட்காரச் சொன்னார். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டினான். அவனுக்கு அவசரம் இருந்தது. போக்குவரத்துத் துறையில் வேலை கிடைத்திருந்தது. மாதம் முடிவதற்குள் பட்டச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அக்காவைச் சலவைக்கூடத்திலிருந்து நிறுத்துவதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அந்த வேலைதான். இதையெல்லாம் சொல்லி, சீக்கிரம் முடித்துத் தரும்படி கேட்டான்.

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். நன்றியுரையில் யார் பெயர் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் உதவி செய்தவர் பெயர் மட்டும் வரக் கூடாது. 'ஊக்கமளித்த' என்று எழுதலாம், 'ஒளிவிளக்காய் விளங்கிய' என்று எழுதலாம். அவையெல்லாம் யாரும் எதுவும் செய்யாதபோது நடப்பவை. 'நேரத்தைக் குறித்துக் கொடுத்த' என்பது அப்படியில்லை. அதில் ஒரு ஆள் நிஜமாகவே ஒரு வேலை செய்கிறார்.

"அப்ப நெறியாளர் பேரு?"

"உங்க நெறியாளர் உங்களுக்கு ஏதாவது உதவி பண்ணினாரா?"

அவன் யோசித்தான். நெறியாளர் காரில் வருவார், காரில் போவார். ஆய்வு பாலங்களைப் பற்றியது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்."

"பாத்தீங்களா. அதனாலதான் அவர் பேரு தாராளமா வரலாம். நேர்மை பல்கலைக்கழகத்தோடது தம்பி, பொறுப்பு மாணவனோடது. ரெண்டும் கலந்துடக் கூடாதுன்னுதான் தனித்தனியா வச்சிருக்கோம்."

அவர் அதைச் சொல்லி முடித்தபோது எழுத்தருக்குக் கண் கலங்கியது.

ஆனாலும் துறை அவசரப்படவில்லை. குழு ஒன்று கூடியது. இயக்குநர், நெறியாளர், குறிப்பெடுக்க எழுத்தர். குழுவுக்கு மூன்று சாத்தியங்கள் தெரிந்தன. அக்கா உதவியிருக்கலாம், அப்படியானால் அவன் நேர்மையற்றவன். வந்துசேர்ந்த நேரங்களை அவனே இட்டுக்கட்டியிருக்கலாம், அப்படியானாலும் நேர்மையற்றவன். மூன்றாவது, அவனே ஒரே சமயத்தில் இரண்டு நிறுத்தங்களிலும் இருந்திருக்கலாம். மூன்றாவது மட்டும் விதிமுறைக்கு உட்பட்டதாக இருந்தது. மாணவர் நலன் கருதி அதையே நிரூபித்துப் பார்ப்பது என்று முடிவானது.

ஒரு மாலை குழு காரில் கடைசி நிறுத்தத்துக்குப் போனது. அவனை வாசல் நிறுத்தத்திலேயே நிற்கச் சொல்லியிருந்தார்கள். கார் கண்ணாடியை இறக்காமல் வெளியே பார்த்தார்கள். ஒரு நிழற்குடை, சைக்கிள் பழுது பார்க்கும் கடை, கம்பத்தில் சாய்ந்து பேருந்துக்குக் காத்திருந்த சிலர். நெறியாளர், பாலம் எங்கே என்று மெதுவாகக் கேட்டார். இயக்குநர் அவனுக்குப் போன் போட்டார்.

"இங்க இருக்கீங்களா?"

"இல்ல சார். வாசல்ல இருக்கேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல."

அவன் தன்னைச் சுற்றிப் பார்த்துக்கொண்டான். "வாசல்லதான் சார் இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதே பதில். குறிப்பேட்டில் எழுத்தர், மாணவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதினார்.

பிறகு அக்காவுக்கு அழைப்பு வந்தது. அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, சோப்பு வாசனையோடு, வேலை உடுப்பிலேயே வந்தாள். கேடயங்களை ஒருமுறை பார்த்தாள். இதையெல்லாம் யார் துடைப்பது என்று எழுத்தரிடம் கேட்டாள்.

"நீங்க உங்க தம்பிக்கு உதவி பண்ணீங்களாம்மா?" என்று கேட்டார் இயக்குநர்.

"உதவியெல்லாம் ஒண்ணுமில்ல சார். வீட்டுக்குப் போற வழி. நின்னு எழுதினேன், அவ்வளவுதான்."

"முதல்ல சொன்னத மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க."

"உதவியெல்லாம் ஒண்ணுமில்ல."

குழுவின் முகம் மலர்ந்தது. உடனே தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். கீழே கையொப்பமிடும் நான், மேற்படி மாணவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை. அக்கா படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். அவன் எழுந்து ஜன்னல்பக்கம் போனான், திரும்பி வந்தான். போடாதே என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் போட்டுவிட்டாள். பேனாவை மூடி, மேசையில் வைத்து, துணி மடிப்பதைப்போல் விரல்களால் தாளை ஒருமுறை நீவிவிட்டாள்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எழுத்தர் விடவில்லை. இப்போதெல்லாம் அவர் எல்லாவற்றையும் படிக்கிறார். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த அம்மா கையெழுத்துப் போடாவிட்டால் இந்தப் பையனுக்குப் பட்டம் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்றார் இயக்குநர். போட்டதால் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றார் இயக்குநர். அப்படியென்றால் இது உதவிதானே என்று கேட்டார் எழுத்தர்.

உதவி செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்ததன்மூலம் அக்கா குழுவின் கண்ணெதிரிலேயே உதவி செய்திருந்தாள். அதுவும் எழுத்துமூலமாக. இயக்குநர் எழுந்து எழுத்தரின் கையைக் குலுக்கினார். அந்த வருடத்துக் கேடயம் அவருக்குத்தான் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

"சார், மாசம் முடியப் போகுது" என்றான் ஸ்டாப்பிங்.

அதற்கும் அவர்களிடம் வழி இருந்தது. அதன் பெயர் உதவி நீக்கம். ஆய்வேட்டில் எந்த இடத்தில் உதவி கலந்திருக்கிறதோ, அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது சுத்தமான தனி முயற்சி. பிறகு உறுதிமொழியில் யோசிக்காமல் கையெழுத்துப் போடலாம்.

அன்றைக்கு ராத்திரி அவன் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தான். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள்.

"தரை தேயுது, உக்காருடா."

"நீ நின்னதயெல்லாம் வெட்டி எடுக்கச் சொல்றாங்க."

"எடுத்துக்கட்டும்."

"உனக்கு ஒண்ணும் தோணலயா?"

"கால் வலிக்குது, அதுதான் தோணுது. போடுடா கையெழுத்த, போய் வேலைல சேரு. என் பேர அட்டைல போட்டு என்ன பண்ணப் போற? அத வச்சு நான் என்ன, துணியா வாங்க முடியும்?"

பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

அவன் கையெழுத்துப் போட்டான்.

உதவி நீக்கப் பிரிவில் இரண்டு பேர், இரண்டு கத்தரிக்கோல். எல்லா அட்டவணைகளிலும் 'வந்துசேர்ந்த நேரம்' என்ற பத்தியை ஒரே நேர்கோட்டில் வெட்டி எடுத்தார்கள். நல்ல வேலைக்காரர்கள். ஓரம் பிசிறவில்லை. கிளம்பிய நேரம் மட்டும் மிஞ்சியது. அதற்கேற்ப முடிவுரையையும் மாற்ற வேண்டும் என்றார்கள். பேருந்துகள் ஏன் சேர்ந்து வருகின்றன என்று இனிமேல் சொல்ல முடியாது. வருகின்றன என்றே சொல்ல முடியாது. அவன் அவர்கள் சொன்னபடி எழுதினான்: பேருந்துகள் வாசல் நிறுத்தத்திலிருந்து கிளம்புகின்றன. அவை கடைசி நிறுத்தத்தைப் போய்ச் சேர்வதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை.

வாய்மொழித் தேர்வில் இந்த முடிவு எல்லோரையும் கவர்ந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், இவ்வளவு துணிச்சலான கண்டுபிடிப்பைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். நெறியாளர் எழுந்து, நானும் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொல்லி வந்தேன், பேருந்து போய்ச் சேராததற்குப் பாலம்தான் காரணமாக இருக்கும் என்றார். கைதட்டினார்கள். இயக்குநர் தன் உரையில், ஒரு மாணவன் எல்லா உதவிகளையும் உதறிவிட்டுத் தனியாக நின்றால் அவனால் எவ்வளவு குறைவாகத் தெரிந்துகொள்ள முடியும் என்பதற்கு இந்த ஆய்வேடு ஒரு முன்மாதிரி என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். தங்க முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

மாதம் முடிவதற்குள் வேலையில் சேர்ந்துவிட்டான்.

போக்குவரத்துத் துறையில் அவனுக்கு ஒரு மேசையும் சுழல் நாற்காலியும் கொடுத்தார்கள். நடக்க முடியாதபோது சுழன்றுகொண்டிருந்தான். முதல் சம்பளத்தில் அக்காவை வேலையை விடச் சொன்னான். இரண்டாவது சம்பளமும் வருகிறதா பார்க்கலாம் என்றாள்.

இரண்டாவது சம்பளத்துக்கு முன்னால் அந்தக் கோப்பு வந்தது. செலவைக் குறைக்கப் பயனில்லாத வழித்தடங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. முதலில் இருந்தது பல்கலைக்கழகத்திலிருந்து கடைசி நிறுத்தம்வரை போகும் பேருந்து. அதை மருத்துவமனையோடு நிறுத்திவிடலாம் என்று குறிப்பு. காரணம், அதற்குமேல் பேருந்து போய்ச் சேர்வதற்குச் சான்று இல்லை. ஆதாரம், தங்க முத்திரை பெற்ற ஓர் ஆய்வேடு. எழுதியவர் பெயரும் இருந்தது. துறையில் அதைப் பற்றி அறிந்த அலுவலர் இருப்பதால் அவரே ஒப்புதல் எழுதலாம் என்று கோப்பை அவனுக்கே அனுப்பியிருந்தார்கள்.

மேலதிகாரியிடம் போனான். இது தப்பு சார், அந்தப் பஸ் தினமும் போய்ச் சேருது, நானே அதுலதான் வீட்டுக்குப் போறேன் என்றான். அதிகாரி அவனைப் பரிவோடு பார்த்தார். தனிப்பட்ட அனுபவத்தைக் கோப்பில் கலக்கக் கூடாது என்றார். பல்கலைக்கழகமே சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறது, கார் வைத்துப் போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்றார். அதன்பிறகு குரலைத் தணித்து, "உங்க பேருதானே அதுல இருக்கு? உங்களுக்குப் பெருமைதானே?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான். மருத்துவமனையிலிருந்து வீடுவரை உள்ள தூரம் இரண்டு பேருக்கும் தெரியும். நடுவில் மேடு. தெருவிளக்கு பாதிக்கு மேல் கிடையாது. அந்தப் பேருந்தில் அக்கா மட்டும் வருவதில்லை. சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லாம் அதில்தான் வருகிறார்கள்.

"நீ ஒண்ணும் எழுதி வைக்காத" என்றாள் அக்கா. "வாய மூடிட்டு ஒப்புதல் போடு. நான் நடந்துக்கிறேன்."

"மத்தவங்க?"

"அவங்களுக்கும் கால் இருக்கு."

"அக்கா."

"என்னடா அக்கா? இத்தன நாள் நின்னாச்சு, இனிமே நடக்குறேன். நிக்கிறத விட நடக்குறது லேசு." அவள் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே நிக்க முடியல."

மறுநாள் காலை அவன் சுழல் நாற்காலியில் சுழலவில்லை. கோப்பைத் திறந்து ஒப்புதல் இடத்தில் எழுதினான்: பேருந்து கடைசி நிறுத்தத்தைப் போய்ச் சேர்கிறது. என் அக்கா அங்கே நின்று பார்த்திருக்கிறாள். அவள் குறித்த நேரங்கள் என் ஆய்வேட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டன. அவள் எனக்கு உதவி செய்தாள். கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினான்.

கோப்பு சரிபார்ப்புக்காக அன்றே பல்கலைக்கழகத்துக்குப் போனது. நேர்மைத் துறை இவ்வளவு வேகமாக எப்போதும் வேலை செய்ததில்லை. உறுதிமொழிக்கு மாறாகத் தான் உதவி பெற்றதை மாணவரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டதால் பட்டம் ரத்து. பட்டம் இல்லாததால் வேலையும் ரத்து. ஆய்வேட்டை என்ன செய்வது என்று குழு நீண்ட நேரம் விவாதித்தது. உதவி முற்றிலும் நீக்கப்பட்டு, விதிமுறைப்படி முத்திரை குத்தப்பட்டிருப்பதால் அது செல்லும் என்று முடிவானது. ஆய்வேடு நேர்மையானது. எழுதியவர்தான் நேர்மையற்றவர். யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்பதால், ஆய்வேட்டை நெறியாளர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த பதிப்பில் பாலத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்ப்பதாகவும் சொன்னார்.

போக்குவரத்துத் துறைக்குத்தான் சங்கடம். ஆய்வேடு ஒன்று சொன்னது, கோப்பில் அவன் எழுதியது வேறொன்று சொன்னது. ஒரே விஷயத்தில் முரண்பட்ட இரண்டு ஆவணங்கள் இருந்தால் விசாரணை முடியும்வரை எதையும் மாற்றக் கூடாது என்பது அவர்கள் விதி. விசாரணைக்குக் குழு போட வேண்டும். குழுவுக்கு ஆள் நியமிக்க வேண்டும். அது முடிகிற வேலையாக யாருக்கும் தெரியவில்லை. அதுவரைக்கும் வழித்தடம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று எழுதிவிட்டார்கள்.

அவன் மேசையிலிருந்ததை ஒரு பையில் போட்டுக்கொண்டு சாயங்காலப் பேருந்தில் வீட்டுக்குத் திரும்பினான். மருத்துவமனை நிறுத்தத்தில் சலவைக்கூடத்துப் பெண்கள் ஏறினார்கள். அக்காவும் ஏறினாள். பையைப் பார்த்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போனபிறகு, அவனுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். கோபம் வந்தால் அவளும் நடப்பாள். தெருமுனை தாண்டித்தான் நின்றாள்.

"வேல போச்சா?"

"போச்சு."

"பட்டம்?"

"அதுவும்."

"பெரிய நேர்மைக்காரன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றாள். "என்ன எழுதின அப்படி?"

எழுதியதைச் சொன்னான். வரி மாறாமல் சொன்னான். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பேர எழுதினியா?"

"இல்ல. அக்கான்னு மட்டும்தான் எழுதினேன்."

அவள் நிமிர்ந்தாள். பிறகு அவன் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அது போதும்" என்றாள். "உனக்கு ஒருத்திதானே இருக்கேன். வா."